தெற்காசியாவில் அரசு நிறுவனங்களை மக்கள் எதை வைத்து நம்புகிறார்கள்?

நல்லூர்வாசி (இழையைத் தொடங்கியவர்)

2022 ஜூலை 9 அன்று கொழும்பில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். ஐந்து நாட்களில் கோட்டாபய ராஜபக்ச சிங்கப்பூரிலிருந்து பதவி விலகல் கடிதம் அனுப்பினார். அரசின் எந்த உறுப்பின் மீதும் நம்பிக்கை மிஞ்சவில்லை என்றே அன்று எல்லோரும் எழுதினோம். ஆனால் 2024 செப்டம்பர் 21 அன்று அதே மக்கள் அமைதியாக வரிசையில் நின்று வாக்களித்தார்கள். அநுர குமார திசாநாயக்க 42.31 வீதம், சஜித் பிரேமதாச 32.76 வீதம் என்று முதல் எண்ணிக்கை முடிய, எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், நாட்டின் வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்டன. மக்களுக்கு முன்பின் பழக்கமில்லாத நடைமுறை அது. சந்தேகம் கிளப்ப நினைப்பவருக்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடைத்திருக்காது. இருந்தும் தோற்றவர்கள் முடிவை ஏற்றுக்கொண்டார்கள், தெருவில் ஒரு கல்லும் விழவில்லை.

இது எப்படி நடந்தது என்பதே என் கேள்வி. தேர்தல் எண்ணிக்கையை இலங்கை மக்கள் எப்போதும் நம்பியவர்கள் அல்லர். 1981இல் யாழ்ப்பாண மாவட்ட சபைத் தேர்தலில் வாக்குப் பெட்டிகளுக்கு என்ன ஆனது என்பதை என் தலைமுறை மறக்கவில்லை. 1999 ஜனவரியில் வடமேல் மாகாண சபைத் தேர்தலில் நடந்த மோசடியைத் தெற்கிலுள்ளவர்களும் மறக்கவில்லை. சுயாதீனத் தேர்தல் ஆணைக்குழு வேண்டும் என்ற கோரிக்கை வலுத்ததற்கு அந்தத் தேர்தல் ஒரு முக்கிய காரணம். 2001இல் அதற்கு வழிசெய்யும் அரசியலமைப்பின் 17ஆம் திருத்தம் வந்தபோதும், ஆணைக்குழு உண்மையில் நியமிக்கப்பட்டது 2015இல்தான்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நமது சமூகங்களில் ஒரு நிறுவனத்தின் மீது நம்பிக்கை வருவது அதன் தலைவரின் நேர்மையைப் பார்த்தோ, அது தன்னைப்பற்றி வெளியிடும் விளம்பரத்தைப் பார்த்தோ அன்று. அந்த நிறுவனம் செய்ததை வெளியே நிற்கும் ஒருவர் தம் கையிலுள்ள ஒரு சான்றை வைத்துச் சரிபார்க்க முடிந்தால் அங்கே நம்பிக்கை உண்டாகிறது. முடியாவிட்டால் எத்தனை நல்லவர் தலைமையில் இருந்தாலும் உண்டாவதில்லை. இலங்கையில் வாக்குச்சீட்டு காகிதம். எண்ணும் மண்டபத்தில் வேட்பாளர்களின் முகவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்முன்னே எண்ணப்படுகிறது. அந்த முகவர் உங்கள் ஊர்க்காரர், நாளை கடையில் உங்களைச் சந்திக்கப் போகிறவர். இது சரியா, வேறு விளக்கம் உண்டா என்று நண்பர்கள் சொல்ல வேண்டும்.

பொருநை

நல்லூர்வாசி ஐயாவின் கருத்தை நான் பெரும்பாலும் ஏற்கிறேன். தமிழ்நாட்டில் வருவாய்த் துறையில் கீழ்நிலைப் பணியில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதற்கு உள்ளிருந்து ஒரு சாட்சி சொல்கிறேன்.

எங்கள் மாவட்டத்தில் ஒரே மனிதர் ரேஷன் கடைக்கும் போகிறார், தாலுகா அலுவலகத்துக்கும் போகிறார், தலைவிதி சரியில்லாத நாளில் காவல் நிலையத்துக்கும் போகிறார். மூன்றும் ஒரே அரசுதான். ஆனால் ரேஷன் கடைக்கு அவர் தனியாகப் போகிறார். தாலுகா அலுவலகத்துக்கு விவரம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகிறார். காவல் நிலையத்துக்குக் கட்சிக்காரரோ வக்கீலோ இல்லாமல் போவதில்லை. யாரை நம்புகிறீர்கள் என்று கருத்துக்கணிப்பில் கேட்டுப் பெறும் விடையைவிட, எங்கே துணையில்லாமல் போகிறீர்கள் என்ற கேள்விக்கு வரும் விடை உண்மைக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம்.

ரேஷன் கடையில் முறைகேடே இல்லை என்று நான் சொல்லவில்லை. எடையில் குறைப்பது, அரிசியின் தரம், 'பருப்பு முடிந்துவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள்' என்பது எல்லாம் உண்டு. ஆனால் 2017இல் ஸ்மார்ட் கார்டு வந்த பிறகு, விற்பனை முனையத்தில் பதிவானவுடன் என்னென்ன பொருள் எத்தனை கிலோ வாங்கப்பட்டது என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. வாங்காத சர்க்கரைக்குச் செய்தி வந்தால், அந்தப் பெண்மணி கைப்பேசியை நீட்டிக் கொண்டு கடைக்கு வந்து நிற்கிறார். முன்பு 'எனக்குத் தரவில்லை' என்பது அவர் சொல் மட்டும். கடைக்காரர் சொல்லுக்கு எதிராக அது நிற்காது. இப்போது அவர் கையில் அரசே அனுப்பிய பதிவு இருக்கிறது. இன்னொன்றும் உண்டு: தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லோருக்குமானது. வறுமைக்கோட்டுப் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்ற சச்சரவு இல்லை. ஆசிரியர் வீட்டுக் கார்டும் கூலித்தொழிலாளி வீட்டுக் கார்டும் ஒரே கடையில் பதிவாகியிருப்பதால், கடை திறக்காவிட்டால் குரல் கொடுக்கத் தெரிந்தவரும் சேர்ந்தே குரல் கொடுக்கிறார்.

பட்டா விஷயத்தில் பாதி தூரம்தான் வந்திருக்கிறோம். பட்டா, சிட்டா, புலப்பட வரைபடம் ஆகியவற்றை எவரும் இணையத்தில் பார்க்கலாம். வில்லங்கச் சான்றும் கட்டணமின்றிப் பார்க்கக் கிடைக்கிறது. முன்பு இந்தப் பதிவேடுகளைப் பார்ப்பதே ஒரு சலுகை. ஆனால் உட்பிரிவுப் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்தால், சர்வேயர் வந்து அளக்கும் நாள் அவர் கையில் இருக்கிறது. 'உரிய ஆவணங்கள் இல்லை' என்ற ஒரே வரியில் மனு தள்ளுபடியானால், எந்த ஆவணம் இல்லை என்று அந்த வரி சொல்வதில்லை. இடைத்தரகர் பிழைப்பது அந்த ஒரு வரியில்தான். எது குறைவு என்று அவருக்கு மட்டும் தெரிகிறது. மத்தியப் பிரதேசம் 2010இலும், பீகாரும் கர்நாடகமும் அடுத்த ஆண்டும், சேவை பெறும் உரிமைக்குச் சட்டம் இயற்றின. கர்நாடகத்தில் அந்தச் சட்டப்படி நடக்கும் சகாலா திட்டத்தில் மனுவுக்கு ஓர் எண்ணும் முடிக்க வேண்டிய நாளும் ஒப்புகைச் சீட்டிலேயே கிடைக்கும். தமிழ்நாட்டில் அது பல ஆண்டுக் கோரிக்கை.

வைகைக்கரை

பொருநை ஐயா காவல் நிலையத்தைத் தொட்டுவிட்டுச் சென்றுவிட்டார். நான் மதுரையில் வழக்கறிஞர் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன். சரிபார்க்கக்கூடிய சான்று இருப்பது போதாது. அந்தச் சான்று யார் கையில் இருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது.

2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் ஊரடங்குக் காலத்தில் கடை திறந்து வைத்திருந்ததாகச் சொல்லிக் கைது செய்யப்பட்ட தந்தையும் மகனும் இறந்தார்கள். அந்த நிலையத்தில் கண்காணிப்புக் கேமரா இருந்தது. ஒரு டெராபைட் சேமிப்பகமும் இருந்தது. ஆனால் பதிவுகள் அன்றன்றே தாமாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக, விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அளித்த அறிக்கையில் தெரிவித்தார். கருவி வாங்கப்பட்டது, பொருத்தப்பட்டது, கணக்கில் சேர்ந்தது, மின்விளக்கும் எரிந்தது. சான்று மட்டும் மிஞ்சவில்லை. தடயங்களைக் காக்க வேறு வழியின்றி, காவல் நிலையத்தையே வருவாய்த் துறை அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் வைக்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மாவட்ட ஆட்சியருக்கு உத்தரவிட்டது. ஒரு அரசு அலுவலகத்தின் பதிவை அதே அலுவலகத்திடமிருந்து காப்பாற்ற இன்னோர் அரசு அலுவலகத்தை அனுப்ப வேண்டியிருந்தது என்பதை நான் மிகுந்த வேதனையோடு சொல்கிறேன். அன்று உண்மை வெளிவந்ததில் பெரும்பங்கு அந்த இரவில் பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் கொடுத்த சாட்சியத்துக்கு உரியது. கருவி கைவிட்ட இடத்தில் ஒரு மனிதர் தம் வேலையையும் பாதுகாப்பையும் பணயம் வைத்தார். எல்லா ஊருக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பார் என்று எதிர்பார்த்து ஒரு நிறுவனத்தை நடத்த முடியாது.

அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு கூடிய கேமரா பொருத்தி, பதிவை 18 மாதங்கள் வரை வைத்திருக்க வேண்டும், மனித உரிமை ஆணையங்களும் நீதிமன்றங்களும் அதை வரவழைக்கலாம் என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவின் உயிர் 18 மாதங்கள் என்பதில் இருக்கிறது. அடிபட்டவர் ஜாமீனில் வந்து, பயம் தெளிந்து, ஒரு வக்கீலைத் தேடிப் பிடிக்கவே சில மாதங்கள் ஆகும் என்பதை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அறிவோம். அதுவரை பதிவு உயிரோடு இருக்க வேண்டும்.

மலைநாட்டான்

இதுவரை எழுதியவர்கள் மூவரும் காகிதத்தை மக்களின் ஆயுதமாகப் பார்க்கிறார்கள். ஹட்டன் பக்கத்தில் தோட்டத்தில் பிறந்து ஆசிரியரான எனக்கு அதை அப்படியே ஏற்க இயலவில்லை. எங்களைப் பொறுத்தவரை காகிதம் அரசின் கையில் இருந்த ஆயுதம்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களான எங்களிடம் கேட்டது என்ன? தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்த குழந்தையின் பிறப்பைத் தோட்டத்துக் கணக்கிலேயே ஒழுங்காக எழுதாத காலத்தில் பிறந்தவர்களிடம் இது கேட்கப்பட்டது. ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களைப் பங்கிட்டுக் கொண்டார்கள். எஞ்சியவர்களுக்கு முழுமையாகக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! அந்த இடைவெளியில் பிறந்து, வளர்ந்து, கொழுந்து பறித்து, பிரஜையாகாமலே மண்ணுக்குள் போனவர்கள் எங்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார்கள்.

இன்றும் பல தோட்டங்களில் லயத்து வீட்டுக்குச் சொந்த முகவரி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்துதான் வீட்டுக்கு வரவேண்டும். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கையில் கிடைத்த மாணவர்களை எனக்குத் தெரியும். ஆகையால் நல்லூர்வாசி ஐயாவின் கருத்தில் ஒரு திருத்தம் வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: நிரூபிக்கும் கடமை யார்மேல் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அசாமில் 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் 19 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் இல்லை. அவர்கள் கையிலும் கட்டுக்கட்டாகக் காகிதம் இருந்தது. அது எதைச் சாதித்தது?

வைகைக்கரை

மலைநாட்டான் ஐயா சொன்ன திருத்தம் மிகச் சரியானது. அதற்கு அண்மைக் காலத்தில் நீதிமன்றம் தந்த ஒரு பதிலையும் குறிப்பிட விரும்புகிறேன். 2025இல் பீகாரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்து, ஆகஸ்ட் 1 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 இலட்சம் பெயர்கள் விடுபட்டிருந்தன. இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு என்று ஆணையம் மொத்தக் கணக்குச் சொன்னது. யார் எந்தக் காரணத்தால் நீக்கப்பட்டார் என்ற பட்டியலைத் தரவில்லை. ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கப்பட்டவர்களின் பெயர்களைக் காரணத்தோடு வெளியிட வேண்டும், வாக்காளர் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு தேடும்படி இணையத்திலும், உள்ளூர் அலுவலகங்களில் அச்சிலும் வைக்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவிட்டது. 'இறந்தவர்' என்று எழுதப்பட்டவர் உயிரோடு வந்து நின்றால் கடமை உடனே அதிகாரியின் பக்கம் திரும்பிவிடுகிறது. பெயர்வாரியாகக் காரணம் எழுத வேண்டியிருக்கும்போது நீக்கும் கை சற்றே தயங்கும். மொத்த எண்ணிக்கைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எந்த அலுவலகத்துக்கும் இடம் கொடுக்கக் கூடாது.

கிழக்குக்கரை

மட்டக்களப்பில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலையைப் பல காலமாகச் செய்து வருகிறேன். இங்கே பேசப்படும் 'கையிலுள்ள சான்று' அந்தத் தாய்மாரிடம் இருப்பதுபோல் வேறு எவரிடமும் இல்லை என்றே சொல்வேன். ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் மகனின் அடையாள அட்டைப் பிரதி, பாடசாலைப் படம், பொலிஸில் முறையிட்ட சீட்டு, செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதம், ஒவ்வொரு ஆணைக்குழுவும் கொடுத்த பதிவு இலக்கம். மடிப்பு விழுந்த இடங்களில் கடதாசி கிழிந்து, செலோடேப் ஒட்டி, அதுவும் பழுத்துப் போயிருக்கும்.

1994இல் மூன்று வலய ஆணைக்குழுக்கள். 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு. 2013இல் பரணகம ஆணைக்குழு. 2016இல் சட்டம் இயற்றி, 2018இல் ஆணையாளர்களை நியமித்த காணாமல் போனோர் அலுவலகம். 2021 ஜனவரியில், முந்தைய ஆணைக்குழுக்கள் என்ன சொன்னன என்று ஆராய நீதியரசர் நவாஸ் தலைமையில் இன்னோர் ஆணைக்குழு. ஒவ்வொன்றின் முன்னும் அந்த உறை திறக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் அதே கேள்விகள்: எப்போது, எங்கே, யார் கொண்டு போனது, எந்த நிற வாகனம். சொன்னார்கள். எழுதிக் கொண்டார்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள்.

ஆகவே, சரிபார்க்க முடிந்தால் நம்பிக்கை வரும் என்ற வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. எங்கள் தாய்மாருக்கு நடந்தது தெரியும், சான்றும் உண்டு. சான்றைக் கொடுத்த பிறகு எதிர்ப்பக்கம் ஒன்றும் அசையவில்லை என்பதே அவர்கள் அனுபவம். ஆளைக் காணவில்லை என்பதற்கான சான்றிதழையும் இழப்பீட்டையும் வாங்கிக் கொள்ளச் சொல்லும்போது பலர் மறுப்பது இதனால்தான். வாங்கிக் கொண்டால் கோப்பை மூடிவிடுவார்கள் என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தைப் பிழை என்று சொல்ல என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை. சான்றுக்கு விளைவு இருக்க வேண்டும். விளைவில்லாத விசாரணை முடிந்து வீட்டுக்குத் திரும்பும் தாய், விசாரணைக்கு வருமுன் இருந்ததைவிட அரசைக் குறைவாகவே நம்புகிறாள்.

நல்லூர்வாசி

கிழக்குக்கரை அம்மா எழுதியதற்கு நான் எதிர்வாதம் சொல்லப் போவதில்லை. அது என் கருத்தின் விடுபட்ட மறுபாதி. ஆனால் விளைவு என்பது என்னவாக இருக்க வேண்டும் என்று யோசிக்க இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் (இலங்கையின் மிக உயர்ந்த நீதிமன்றத்துக்கு இதுவே பெயர்), 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் பற்றி முன்கூட்டியே தகவல் கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பொலிஸ் மா அதிபராக இருந்தவருக்கும் அரச புலனாய்வுச் சேவையின் தலைவராக இருந்தவருக்கும் தலா ஏழரைக் கோடி. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று, பொருளாதாரச் சீரழிவுக்குக் கோட்டாபய, மஹிந்த, பசில் ஆகியோரும் மத்திய வங்கி ஆளுநர்களாக இருந்த இருவரும் திறைசேரி உயரதிகாரிகளும் பொறுப்பு, அவர்கள் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதே நீதிமன்றம் சொன்னது. இரண்டாவது தீர்ப்பில் மனுதாரர்களுக்குத் தலா ஒன்றரை இலட்சம் ரூபாய் வழக்குச் செலவு, இழப்பீடு இல்லை.

இரண்டாவது தீர்ப்பே சட்ட வரலாற்றில் பெரியது. ஆனால் எங்கள் ஊர்ச் சந்தையில் பேசப்பட்டது முதல் தீர்ப்பு. ஒரு முன்னாள் ஜனாதிபதி தவணை கேட்டுத் தவணை கேட்டுச் சொந்தக் காசைக் கட்டினார் என்பது எல்லோருக்கும் விளங்குகிறது. 260க்கும் மேற்பட்ட உயிர்களுக்கு அது ஈடாகாது. பின்னணியில் யார் இருந்தார்கள் என்ற கேள்விக்கும் அது விடையாகாது. ஆயினும் பதவியின் பெயரால் செய்த தவறு பதவிக்குரியவரின் வீட்டு வாசல் வரை வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிறுவனங்களைச் சுயாதீனமாக்கும் அரசியலமைப்புச் சபையை 17ஆம் திருத்தம் 2001இல் கொண்டு வந்தது. 18ஆம் திருத்தம் 2010இல் அதை ஒழித்தது. 19ஆம் திருத்தம் 2015இல் மீட்டது. 20ஆம் திருத்தம் 2020இல் பல்லைப் பிடுங்கியது. 21ஆம் திருத்தம் 2022இல் மீண்டும் வைத்தது. இருபத்தோரு ஆண்டுகளில் ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் ஆதரித்துக் கையுயர்த்தியவர்களில் முந்தைய முறை எதிர்த்திசையில் கையுயர்த்தியவர்கள் கணிசமாக இருந்தார்கள். ஒரு பொலிஸ் அதிகாரியோ கணக்காய்வாளரோ இதைப் பார்த்துக் கொண்டிருக்கிறார். இன்று நேர்மையாகக் கையெழுத்திட மறுத்தால், அடுத்த திருத்தத்தில் தம்மைக் காக்க யார் இருப்பார் என்று அவர் யோசிக்க மாட்டாரா? மக்கள் நிறுவனத்தை நம்புவது பிறகு நடக்கட்டும். அதில் வேலை செய்பவரே தம் நிறுவனம் நிலைக்கும் என்று நம்ப முடியாத நிலையை நாம் உண்டாக்கியிருக்கிறோம்.

கொங்குநாடன்

அன்பர்கள் அனைவரும் நடைமுறையையே பேசுகிறீர்கள். மக்கள் பலனைப் பார்க்கிறார்கள் என்பதே என் கருத்து. இந்தியாவில் லோக்நிதி போன்ற அமைப்புகளின் ஆய்வுகளில் இராணுவம் எப்போதும் உச்சியில் இருக்கிறது. அரசியல் கட்சிகள் அடியில் கிடக்கின்றன. இராணுவத்தின் கணக்கை எந்தக் குடிமகன் சரிபார்த்தான்? கட்சியையாவது ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றலாம். உங்கள் விதிப்படி பார்த்தால் வரிசை தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

பொருநை

கொங்குநாடன் தம்பி கேட்டது நல்ல கேள்வி. என் பதில் இது: தொலைவிலிருப்பதன் மேல் மரியாதை வருகிறது, அருகிலிருப்பதன் மேல் அனுபவம் வருகிறது. கோயம்புத்தூர்க்காரருக்கு இராணுவத்திடம் ஒரு சான்றிதழும் வாங்க வேண்டியதில்லை. அதே கேள்வியை மணிப்பூரிலோ காஷ்மீரிலோ, நம் நண்பர்கள் எழுதும் வடகிழக்கு இலங்கையிலோ கேட்டுப் பாருங்கள். ஒரு நிறுவனம் அன்றாடம் யாருடைய வாசலில் நிற்கிறதோ அவரிடம் கேட்டு வரும் விடைக்கே நான் எடை கொடுப்பேன். பலன் முக்கியம் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் பலன் நின்ற அன்றே கரைந்துவிடும் நம்பிக்கை அது. 2019 நவம்பரில் இலங்கையில் 69 இலட்சம் பேர் கோட்டாபயவுக்கு வாக்களித்தார்கள். மூன்று ஆண்டு முடியுமுன் எரிபொருள் வரிசை வந்தது.

அயல்நோக்கு

பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம் மூன்றையும் தொடர்ந்து கவனிப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

பாகிஸ்தானில் 2024 பெப்ரவரி 8 தேர்தலைப் பற்றிய பூசல் முழுவதும் இரண்டு படிவங்களில் அடங்கும். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எண்ணி முடித்தவுடன் அதிகாரி கையெழுத்திட்டு முகவர்களுக்குக் கொடுப்பது 45ஆம் படிவம். தொகுதி அதிகாரி எல்லாவற்றையும் கூட்டி வெளியிடுவது 47ஆம் படிவம். தேர்தல் நாளில் கைப்பேசிச் சேவை நிறுத்தப்பட்டது. முடிவுகள் நெடுநேரம் தாமதமாயின. இம்ரான் கான் கட்சி ஆதரவு பெற்ற வேட்பாளர்கள் தங்களிடமுள்ள 45ஆம் படிவங்களைக் கூட்டினால் வெற்றி தங்களுக்கே என்றார்கள். அவர்கள் சொன்னது தொகுதிதோறும் மெய்யா என்பதை விட்டுவிடுவோம். படிவத்தின் எண்ணே கோடிக்கணக்கானவர்களின் அன்றாடப் பேச்சில் புகுந்துவிட்டது என்றால், நல்லூர்வாசி சொன்ன 'கையிலுள்ள சான்று' மக்கள் மனத்தில் எவ்வளவு ஆழமானது என்று பாருங்கள். இந்தியாவிலும் வாக்குச்சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்காக முகவருக்குத் தரப்படும் 17சி படிவம் உண்டு. 2024 மக்களவைத் தேர்தலின் நடுவே அந்தப் படிவத்தின் விவரத்தை வெளியிடக் கோரி உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள்.

வங்கதேசத்தில் ஆளுங்கட்சி நடத்தும் தேர்தலை எதிர்க்கட்சி நம்பாது என்பதை ஒப்புக்கொண்டு, 1996இல் கட்சி சாராத காபந்து அரசை அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். நம்பிக்கையின்மையை மறைக்காமல் அதற்கேற்ற ஏற்பாட்டைச் செய்த முதிர்ச்சியாகவே அதைக் கருதுகிறேன். 2011இல் அது நீக்கப்பட்டது. 2014 தேர்தலில் 300 இடங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் போட்டியே இல்லை. அதன்பின் 2018, 2024 என்று தேர்தல்கள் நடந்தன. மாற்றம் வாக்குப் பெட்டி வழியாக வர வழியில்லாமல் போய், 2024 ஆகஸ்ட் 5 அன்று தெரு வழியாக வந்தது. உயிரிழப்புகளின் அளவை அனைவரும் அறிவோம்.

நேபாளத்தில் 2025 செப்டம்பரில் 26 சமூக ஊடகத் தளங்களை முடக்கியதை எதிர்த்துத் தொடங்கிய இளைஞர் போராட்டத்தில் முதல் நாளே 19 பேர் சுடப்பட்டு இறந்தனர். மறுநாள் பிரதமர் ஒலி விலகினார். அரசின் தலைமைச் செயலகமான சிங்க தர்பாரும் நாடாளுமன்றமும் உச்ச நீதிமன்றமும் எரிந்தன. எனக்கு மிகவும் வலித்தது உச்ச நீதிமன்றம் எரிந்தது. வழக்குக் கோப்புகள் சாம்பலாகின. அவற்றுள் அரசுக்கு எதிராக ஏழைகள் தொடுத்த வழக்குகளும் இருந்திருக்கும். ஆனால் அதே வாரத்தில் இடைக்கால அரசுக்குத் தலைமை ஏற்க அந்த இளைஞர்கள் ஏற்றுக்கொண்ட பெயர் சுசீலா கார்க்கி, அதே உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி. நிறுவனத்தின் மேலிருந்த கோபமும், அந்த நிறுவனம் எப்படி இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் ஒரே கூட்டத்தில் ஒரே வாரத்தில் இருந்தன.

வைகைக்கரை

இந்தியாவில் இப்போது நடக்கும் ஒன்றை இங்கே பதிவு செய்வது கடமை. தமிழ்நாடு 1997இலேயே தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றிய மாநிலம். நாடு தழுவிய 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னால் ராஜஸ்தானின் கூலித்தொழிலாளர்கள் இருக்கிறார்கள். 1994 முதல் கிராமங்களில் பொது விசாரணை நடத்தி, வேலை செய்தவர்களின் வருகைப் பட்டியலை (மஸ்டர் ரோல்) அவர்கள் முன்னிலையிலேயே உரக்க வாசித்தார்கள். இறந்தவர் பெயரிலும் ஊரில் இல்லாதவர் பெயரிலும் கூலி எடுக்கப்பட்டிருந்தது அப்படித்தான் அம்பலமானது. பெயரை வாசித்ததால்தான் பிடிபட்டது.

தனிநபர் தகவல் என்று கூறி மறுக்க அந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் முன்பும் இடம் இருந்தது. ஆனால் பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத தகவலுக்கு மட்டுமே அது பொருந்தும், பொதுநலன் இருந்தால் கொடுத்தாக வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44ஆம் பிரிவு அந்த நிபந்தனைகளை அந்த உட்பிரிவிலிருந்து எடுத்துவிட்டது. பொதுநலனைக் காட்டித் தகவல் கோரும் பொதுவான வழி சட்டத்தில் இன்னும் இருக்கிறது என்று அரசு சொல்கிறது, இருக்கிறதுதான். ஆனால் மறுக்க நினைக்கும் தகவல் அலுவலர் முதல் நாளிலேயே 'தனிநபர் தகவல்' என்று எழுதி அனுப்பிவிடலாம், மனுதாரர் மேல்முறையீட்டில் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். மஸ்டர் ரோலில் இருப்பது பெயர்கள்தானே?

கிழக்குக்கரை

இழை நீண்டுவிட்டது, என் பக்கத்திலிருந்து நடைமுறைக்கு உதவும் ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறேன்.

2025இல் யாழ்ப்பாணம் செம்மணிப் பகுதியில் சித்துப்பாத்தி மயானத்தில் மனிதப் புதைகுழி அகழ்வு நடந்து, 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. ஆகஸ்ட் 5 அன்று நீதிமன்ற உத்தரவின் பேரில், அங்கே கிடைத்த உடைகளும் பொருட்களும் அடையாளம் காட்டுவதற்காகப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. எத்தனையோ ஆணைக்குழுக்களுக்குப் பிறகு நம்பிக்கை இழந்திருந்த தாய்மார் அன்றைக்குப் போனார்கள். முதன்முறையாக அரசு கேள்வி கேட்காமல், தன்னிடம் இருப்பதை அவர்கள் முன் எடுத்து வைத்தது. மலைநாட்டான் ஐயா கேட்ட திருத்தம் அந்த ஒரு பிற்பகலில் நடைமுறையில் இருந்தது என்பேன்.

இனி வேலை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பகிரங்க அதிகாரசபையும் 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். தவறினால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். எனவே குடும்பங்கள் 'என் மகன் எங்கே' என்று மட்டும் எழுதாமல், தங்கள் பதிவு இலக்கத்தைக் குறிப்பிட்டுத் தனித்தனிக் கேள்விகளாகக் கேட்க வேண்டும்: என் முறைப்பாட்டுக் கோப்பு இப்போது எந்த அலுவலரிடம் இருக்கிறது, கடைசியாக அதில் எந்தத் திகதியில் என்ன எழுதப்பட்டது, எந்தப் பொலிஸ் நிலையத்துக்கு அல்லது படை முகாமுக்குக் கடிதம் அனுப்பப்பட்டது, பதில் வந்ததா, முந்தைய ஆணைக்குழுவில் நான் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி அந்தக் கோப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறதா. கோரிக்கையைத் தமிழிலேயே எழுதுங்கள், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கேட்டு வாங்குங்கள், மூலப் பிரதிகளை ஒருபோதும் கையளிக்காதீர்கள். ஐந்து கேள்விகளையும் கொண்ட மாதிரிக் கடிதம் ஒன்றை இந்த வாரமே எழுதி இங்கே இடுகிறேன். வைகைக்கரை ஐயா சட்டக் கண்ணோடு அதைத் திருத்தித் தந்தால், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருப்பவர்களுக்கும் அனுப்பி வைக்கலாம்.